கப்பலெல்லாம் வெளிய வந்துட்டுது, மாமா

என் மாமாவுக்கு, ராயபுரத்து வூட்டுல உங்க படத்துக்கு எதிர்ல குந்திக்கினு உங்க செண்பகம் எழுதறது.

முதல்ல புள்ளைங்க சேதிய சொல்லிடறேன். இல்லேன்னா உங்களுக்கு வேற எதுவும் காதுல ஏறாது. நம்ம ரவியோட மூத்தவ திவ்யா இன்ஜினியர் பரீட்சை அத்தனையும் ஒரே தடவையில பாஸ் பண்ணிட்டா. மகாபலிபுரம் ரோட்டுல கண்ணாடிக் கட்டடத்துல வேலை, கம்பெனி பஸ்ஸு தெருமுனைக்கே வருது. அவ தம்பி சதீஷ் கேரம்ல ஜில்லாவுக்கே முதல். அந்தக் கப்பை டிவி மேல வெச்சிருக்கான், தூசி தட்டக்கூட என்னைத் தொட விடமாட்டான். நம்ம கோமதி பொண்ணு மீனா பத்தாவதுல கணக்குல நூத்துக்கு நூறு. யாரு மாதிரிடின்னு கேட்டா, தாத்தா மாதிரியாம்! அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் நானும் கணக்குல சோடை போனதில்ல. அது யாருக்கு ஞாபகம் இருக்கு? போவட்டும்.

இப்ப உங்க பொட்டி சேதிக்கு வரேன்.

துறைமுகத்துல கிரேன் ஓட்டின மனுஷன், கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட கம்ப்யூட்டர ஏலத்துல எடுத்து, ரிக்‌ஷாவுல மடிமேல வெச்சுக்கினு வந்தீங்களே, அன்னிக்குத் தெருவே நின்னு வேடிக்கை பார்த்துது. "இன்னா மாமு, இத்த வெச்சு சரக்கு எறக்கப் போறியா?"ன்னு எதிர்வூட்டு காதர் பாய் கேட்டாரு. "உன் வாய மட்டும் தூக்கி கடல்ல போடப் போறேன்"னீங்க. அவரு இன்னும் அத சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு.

சாயங்காலமானா அதுக்கு முன்னாடி குந்திக்கினு, ஒத்த விரலால கோடும் புள்ளியும் நட்சத்திரமுமா தட்டித் தட்டிக் கப்பல் வரைவீங்க. நீங்க சரக்கு எறக்கின கப்பலுங்க. இதுக்கு மூணு கொடிமரம், அதுக்குப் பொகைக்கூண்டு பின்னாடின்னு ஒவ்வொண்ணையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவீங்க. எனக்கு அடுப்புல குழம்பு கொதிக்கும். "சோறு போட்ட கப்பல மறக்கலாமாடி?"ன்னு கேப்பீங்க. அப்பல்லாம் சரியா நின்னு பார்த்தேனா?

நீங்க போனப்புறம் பொட்டி கூடத்து மூலையிலயே இருந்துது. உப்புக்காத்துல பிளாப்பி போடற எடம் துருவேறிப் போச்சு, பிரின்டரும் செத்துப்போச்சு. போன மாசம் ரவி வாஷிங் மிஷின் வாங்கறதா சொன்னான். அத வெக்க எடம் வேணுமாம். "ஞாயித்துக்கெழம காயலாங்கடைக்காரன் வரான்மா, அத்த தூக்கிக் குடுத்துடலாம்"னான்.

"அதுக்குள்ள உங்கப்பன் கப்பல் அத்தனையும் கீதுடா."

"உள்ள கீது, வெளிய வராதே! வெச்சுக்கினு இன்னா செய்ய? கப்பலுக்கு வாடகை வாங்கப் போறியா?"

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்குன்னுச்சு. திவ்யாவைக் கூப்பிட்டேன். அவளும் தலையச் சொறிஞ்சா. உள்ள இருக்கற டிஸ்க கழட்டி வேற பொட்டியில மாட்டலாமாம். ஆனா ரொம்பப் பழசு, கழட்டற வேகத்துல திரும்பச் சுத்தாமப் போனாலும் போயிடுமாம். "அப்ப வேணாம். உங்க தாத்தா பொட்டியும் இந்த வூட்டுலதானே கீது? உன்னுது, சதீஷுது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு வயர்ல பேசிக்குதே, இதையும் சேர்த்துவுடு"ன்னேன்.

அவ சிரிச்சா. அப்புறம் யோசிச்சா. அப்படியே பொட்டியோட முதுகைத் திருப்பிட்டா.

இப்பல்லாம் போன் கம்பியிலயே இன்டர்நெட் வருது மாமா. அதுக்கு மோடம்னு ஒரு சின்னப் பொட்டி, பின்னால நாலு ஓட்டை. வூட்டுல இருக்கற கம்ப்யூட்டரெல்லாம் வயர் வழியா அதுல வந்து சேர்ந்துக்கும். நல்லவேளை, நம்ம பொட்டி ஆபீஸ்ல இருக்கச்சொல்லவே வயர்ல பேசிப் பழகினதுதான். அதுக்கான புரோகிராம் உள்ளயே இருந்துது. ஆபீஸ் வயர் உருண்டை வாய்க்காரன். அதுக்குப் பக்கத்துலயே சதுர வாய் ஒண்ணு, யாரும் தொடாம சும்மா இருந்துது. இந்தக் காலத்து வயர் அதுலதான் ஏறுமாம். திவ்யா பொட்டியத் தொறந்து, உருண்டை வாய விட்டுச் சதுர வாயில பேசறதுக்காக ஒரு சின்னக் குமிழ இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் மாத்தினா. கம்ப்யூட்டருக்கு ஒரு நம்பரும் குடுத்தா. ஒரே தெருவுல ரெண்டு வூட்டுக்கு ஒரே நம்பர் இருந்தா தபால்காரரு இன்னா பண்ணுவாரு? அந்த மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற நம்பர் வேணுமாம்.

வயர சொருகினா, டிக்குன்னு மாட்டிக்கிச்சு. ஆனா பச்சை லைட்டு எரியல. வயர மாத்தினா, மோடத்துல ஓட்டைய மாத்தினா, நம்பர மாத்தினா. ஊஹூம். சனிக்கெழம மத்தியானமே வந்துடுச்சு. ரவி அந்தப் பக்கம் போறச்சொல்ல, "இன்னாடி, கப்பல் கெளம்பிச்சா?"ன்னு நக்கல் வேற.

"அப்பா, நீ போய் டீ குடி"ன்னுட்டு, பொட்டிய நிறுத்தி டார்ச்ச அடிச்சு அந்தச் சதுர வாய்க்குள்ள பார்த்தா திவ்யா. "ஆயா, இங்க வாயேன். இதுக்குள்ள யாரோ சுண்ணாம்பு பூசிக்கீறாங்க!"

குச்சியால சுரண்டி என் கையில போட்டா. மஞ்சளா, கல்லு மாதிரி. விரல்ல தேய்ச்சு மோந்து பார்த்தேன் மாமா. சந்தனம்!

எனக்கு வந்த சிரிப்புல தரையிலயே குந்திட்டேன். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை கிரேனுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு பொட்டு வெப்பீங்களே. முகத்துக்கு வெச்சு முதுகை வுட்டா இரும்பு கோச்சுக்கும்னு சொல்வீங்களே. பொட்டிக்கும் அதே மரியாதை! முதுகு பூரா வயரு, காலியா இருந்தது அந்த ஒரு வாய்தான். வருசா வருசம் அதுலதான் அப்பியிருக்கீங்க. மேல தொடைச்சது போயிடுச்சு, உள்ள போனது வாய்க்குள்ள இருக்கற தங்க நெறக் கம்பிங்க மேலயே ஒட்டிக்கிச்சு.

"தாத்தா அவுட்கோயிங்க கட் பண்ணி வெச்சுக்கீறாரு ஆயா"ன்னா திவ்யா.

பழைய டூத் பிரஷும் மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டும் வெச்சு, குழந்தைக்குப் பல்லு வெளக்கற மாதிரி வெளக்கினா. காயவிட்டு, மறுபடி வயர சொருகினா. சொருகின ஒடனே பச்சை லைட்டு மாமா! கண்ணு முழிச்ச மாதிரி. அவ கறுப்புத் திரையில ஏதோ அடிச்சா. புது கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு கப்பலா வந்து நின்னுது. ரஷ்யாக்காரன் வந்தான், கொரியாக்காரன் வந்தான், அந்தக் கோணல் மூக்கு கோதுமைக் கப்பலும் வந்துது.

டீ குடிக்கப் போன ரவி திரும்பி வந்து பின்னால நின்னான்.  கோதுமைக் கப்பலைத் தொட்டுக் காட்டி, "இந்தக் கப்பல்ல என்னைக் கூட்டினு போய்க் காமிச்சிருக்காரும்மா. நான் வாந்தி எடுத்தேன்"னான். ஞாயித்துக்கெழம காயலாங்கடைக்காரன் வந்தப்போ, வெறுங்கையோட அனுப்பக்கூடாதுன்னு துருப்பிடிச்ச சைக்கிளத் தூக்கிக் குடுத்தான். வாஷிங் மிஷின் பாத்ரூம் பக்கத்துல போயிடுச்சு. உங்க பொட்டி அதே மூலையில, வயரும் பச்சை லைட்டுமா ஜம்முன்னு இருக்கு. கப்பலையெல்லாம் பெரிசா பிரின்ட் எடுத்து நானே செவுத்துல ஒட்டியிருக்கேன். காதர் பாய் வந்து வரிசையா பார்த்துட்டுப் போனாரு.

கடைசியா வந்த ஒண்ணு மட்டும் ஒட்டல. அது பாதிக் கப்பல் மாமா. அடிப்பக்கமும் ஒரு கொடிமரமும் இருக்கு, அதுக்கு மேல ஒண்ணுமில்ல. பேரும் போடல. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி அடிச்சீங்களா? இத எனக்குக் காட்டவேயில்லையே.

நான் வுடறதா இல்ல. திவ்யாகிட்ட கோடு எங்க, புள்ளி எங்கன்னு கேட்டு ஒத்த விரலால தட்டப் பழகிக்கினு இருக்கேன். மீதிக் கப்பல நானே அடிச்சு முடிப்பேன், இது என் சத்தியம். அதுக்குப் பொகைக்கூண்டு முன்னாடியா பின்னாடியான்னு மட்டும் தெரியணும். அங்கயும் கடல்னு ஒண்ணு இருந்து, அதுல அந்தக் கப்பல் வந்து நின்னா, முழுசா தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுத்து போஸ்ட்ல போடுங்க. பழசு வேணாம். புதுசா எடுத்ததா இருக்கட்டும். ஓரமா நீங்களும் நில்லுங்க.

உங்க அத்த மக, உங்க பொண்டாட்டி,
ரவிக்கும் கோமதிக்கும் அம்மா,
செண்பகம்.