ஞாயிற்றுக்கிழமை வராத இழுப்பு

ஜூன் 4, புதன்

தமிழ்செல்விக்கு இன்றைக்கும் இழுப்பு. என் வீட்டுக்காரரின் தங்கை. நான் சூப்பர்வைசராக இருக்கும் அதே பிஸ்கெட் கம்பெனியில், கலவை அறையில் மாவு மூட்டை பிரித்துத் தொட்டியில் கொட்டுகிறாள். திரும்பும்போது பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"சளிதான் அண்ணி. ஊட்ல சொல்லிடாதீங்க."

ஜூன் 8, ஞாயிறு

இன்று இழுப்பே இல்லை. பாடிக்கொண்டே மாடியேறித் துணி காயப்போட்டாள். போன ஞாயிறும் இப்படித்தான். சளி என்ன, ஞாயிறானால் லீவு எடுக்குமா?

ஜூன் 10, செவ்வாய்

வீட்டுக்குத் தெரியாமல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கருவியில் ஊதச் சொன்னார். என்ன வேலை, எந்த நாளில் இழுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மாவுத் தூசியால வந்த ஆஸ்துமா. ஆரம்பம்தான். இப்பவே தூசியை விட்டு விலகினா சரியாக நிறைய வாய்ப்பு இருக்கு. விலகலைன்னா நிரந்தரமா தங்கிடும்."

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆடிக்கு முன்னால் பொதட்டூர்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். "அந்தப் பேரை எங்கயும் சொல்லாதீங்க அண்ணி. கம்பெனியில தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிடும். சத்தியம் பண்ணுங்க."

பண்ணவில்லை. அவள் முகம் மாறிவிட்டது.

ஜூன் 11

தூக்கம் இல்லை.

ஜூன் 12, வியாழன்

சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்.

தூசி உறிஞ்சும் மெஷின் ரிப்பேராகிப் பல நாளாச்சு. கேட்டால், ஆர்டர் முடியட்டும் என்கிறார்கள். இன்று யாரோ ஏர் பைப்பை வைத்துத் தரையை ஊதியதில் அறையே வெள்ளை. உள்ளே போனால் தமிழ்செல்வி மூட்டை மேல் குப்புறச் சாய்ந்திருக்கிறாள். உதடு நீலம் பாரிச்சு... சிவப்பு பட்டனை அடிச்சேன். லைன் மொத்தமும் நின்னுபோச்சு. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை அவள் வாயில் வைத்தேன்.

மேனேஜர் விஷ்ணுவர்தன் ஓடிவந்தார். "இன்னிக்கு லோடு போகணும், தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார். என் நாத்தனாருக்கு இந்த மாவால ஆஸ்துமா. இந்த ரூம்ல மத்தவங்களும் இதைத்தான் இழுத்துக்கினு நிக்கறாங்க. மெஷினை சரி பண்ணாம நான் லைனை ஓட்ட மாட்டேன்."

பதில் சொல்ல வாயெடுத்தவருக்கு இருமல். விடாத இருமல். கண்ணைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

தமிழுக்கு மூச்சு திரும்பிவிட்டது. ஆனால் என்னைப் பார்த்த அந்தப் பார்வை—

ஜூன் 14, சனி

மாமியார் விடவில்லை. "பொண்ணுக்கு நோவுன்னு பேர் வெச்சிட்டியே. இனிமே எவன் வருவான்? இன்னா ஜென்மம் நீ?" தமிழ் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் செஞ்சது தப்பா?

ஜூன் 20

மெஷின் ஓடுகிறது. ஏர் பைப்பை அறையிலிருந்தே கழற்றிவிட்டார்கள். தரையைச் சுத்தம் பண்ண வேக்குவம். காலி சாக்கை உதறக்கூடாது. எல்லோருக்கும் நல்ல மாஸ்க். தமிழை, மாவே வராத அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளம் அதேதான். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்காருகிறாள்.

ஜூலை 6, ஞாயிறு

பொதட்டூர்பேட்டைக்காரர்கள் வந்தார்கள். "வாயைத் தொறக்காத," என்று மாமியார் காலையிலேயே என்னையும் தமிழையும் எச்சரித்திருந்தார். பையன் அன்புராஜ், நூல் மில்லில் வேலை. அவனையும் தமிழையும் தனியாகப் பேசவிட்டார்கள். காபியோடு போன எனக்குக் கதவருகிலேயே கால் நின்றுவிட்டது.

"எனக்கு மாவுத் தூசியால ஆஸ்துமா ஆரம்பிச்சுது. இப்ப தேவலை. தெரிஞ்சிக்கினு ஒத்துக்கினா ஒத்துக்குங்க." தமிழின் குரல்.

பிறகு அவன் மெதுவாக, "வார லீவு முடிஞ்சு திங்கக்கெழமை போனா எனக்கு நெஞ்சை இறுக்குது. பஞ்சுத் தூசியா இருக்குமா?"

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"வேலை போயிடுமோன்னு..."

ஜூலை 12, சனி

காலையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். தமிழ் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, அவரு டாக்டரைப் பாத்துட்டாராம். பஞ்சுத் தூசிதானாம். மில்லுல எப்படிச் சொல்றதுன்னு கேக்கறாரு. நீங்க பேசறீங்களா?"

போனை நீட்டினாள்.