கலுங்கில் ஏற்றிய கல்

வேலங்குளம்
12-10-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

வள்ளித்தாய் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். விடுதிச் சோற்றில் நீங்கள் இளைத்திருப்பீர்கள் என்று அம்மா தினமும் புலம்புகிறாள். எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். ஐயாவுக்குத் தெரிந்தால் என் படிப்பை நிறுத்திவிடுவார்.

முதல் மழை பெய்தும் நம் கண்மாய்க்கு முழங்கால் தண்ணீர்கூட வரவில்லை. மேல்பக்கத்து ஊரான மேலக்குளத்தார் ஓடையை மறித்துவிட்டார்கள் என்று ஐயாவுக்குக் கோபம். இனி வருவதில் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாதென்று, உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கின் மேல் மூன்று வரிசை கல் ஏற்றிப் பூசச் சொல்லிவிட்டார்.

யாரும் திருடவில்லை அண்ணே. கோடையில் நம் கரிசல் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. முதல் மழையை வெடிப்புகளே குடித்துவிட்டன. இப்போது மண் உப்பி, வெடிப்பெல்லாம் மூடிவிட்டது. அடுத்த மழை மண்ணில் இறங்காது. மேற்கே மேட்டிலிருந்து மொத்தமும் கண்மாய்க்கு ஓடிவரும். போக வழியில்லாவிட்டால் கரை உடையும். கரைக்குக் கீழே பள்ளத்தில் என் கூடப் படிக்கும் இருளம்மாளின் தெரு, நாற்பது வீடு.

சொன்னேன். "பாவாடை கட்டுன இஞ்சினியரு வந்துருக்காக, வழி விடுங்கலே!" என்று ஐயா எல்லோர் முன்னாலும் சிரித்தார். நீங்கள் எழுதினால் கேட்பார்.

உங்கள் தங்கை,
வள்ளித்தாய்

மதுரை
17-10-1961

அன்புத் தங்கைக்கு ஆசிகள்.

நீ சொல்வது சரிதான். எங்கள் பாடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்து வைத்த கல்லை மகன் எடுக்கச் சொன்னால் ஐயாவுக்கு என்ன மரியாதை? மழை வருமோ, வராதோ. நீ பரீட்சைக்குப் படி.

கோட்டைச்சாமி

வேலங்குளம்
24-10-1961

அண்ணனுக்கு,

மழை வந்தது. முந்தாநாள் சாயங்காலம் மேற்கே கருத்ததுமே பள்ளத்துத் தெருவுக்கு ஓடினேன். இருளம்மாளின் அப்பா மொக்கைச்சாமி சிரிக்கவில்லை. "எம்புட்டு நேரம் இருக்கு தாயி?" என்று மட்டும் கேட்டார். பிள்ளைகள், ஆடுகளோடு எல்லோரும் மேட்டுக்கு ஏறினார்கள். விடிவதற்குள் கரை உடைந்தது. பதினேழு வீடுகள் கரைந்துபோயின. உயிர் எதுவும் போகவில்லை.

"மேலக்குளத்தான் வேணும்னே தொறந்துவிட்டுட்டான்" என்கிறார் ஐயா. ஊரும் தலையாட்டுகிறது. நாளைக் காலை கூட்டம் கூடி, அப்படியே கம்போடு மேலக்குளத்துக்குப் போகிறார்களாம்.

பாடத்தில் இருந்ததாம்! ஐயா தெரியாமல் கல் ஏற்றினார். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவர் நீங்கள்.

நாளைக்குக் கூட்டத்தில் எழுந்து நிற்கப் போகிறேன். நான் சொன்னால் சிரிப்பார்கள். காலேஜில் படிக்கிறவர் எழுதியதைக் கேட்பார்கள். அதனால் உங்கள் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசிப்பேன், ஐயாவின் மரியாதையைப் பற்றி எழுதியதையும் சேர்த்து.

உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

வள்ளித்தாய்