மூன்று வருஷமே போதுமாமே

அன்பு மகள் மாரிவிக்குக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் உன் தம்பி ரோமெலும் நம் ஊர் இலோயிலோவில் சுகம். நீயும் மருமகன் டேலும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உன் மாமியார் ஷெரிலைக் கேட்கவே வேண்டாம், அவளுக்கென்ன குறை, என் மகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள்.

போன வாரம் போனில் நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அமெரிக்கக் குடியுரிமைக்கு எல்லோரும் க்ரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டுமாம், நீ அமெரிக்கக் குடிமகனைக் கட்டிக்கொண்டு அவனோடு குடித்தனம் நடத்துவதால் மூன்றே வருஷமாம், அதற்கும் தொண்ணூறு நாள் முன்னாலேயே விண்ணப்பம் போடலாமாம். எத்தனை சந்தோஷமாகச் சொன்னாய். சத்தியப்பிரமாணம் எடுக்கும் நாளில் உடுத்த ஷெரில் நீலத்தில் கவுன் எடுத்துவிட்டாள் என்றும் சொன்னாய். அவளை மாம் மாம் என்று நீ கூப்பிடுவதைக் கேட்டால் இங்கே எனக்கு எரிகிறது, எரியவில்லை என்று பொய் எழுத மாட்டேன். உன் பிறந்தநாளுக்கு அவளே நம் ஊர் பன்சித் நூடுல்ஸ் கிளறினாளாமே, அதில் சீஸ் துருவிப் போட்டாளாமே, அதையும் நீ நன்றாக இருந்தது என்று தின்றாயாமே. பக்கத்து வீட்டு நெனித்தாவின் மகன் அங்கே நர்ஸ், அவனுக்கு முழு ஐந்து வருஷம். உன் மகளுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது என்று அவள் பெருமூச்சு விட்டாள். எனக்கோ, அந்த அம்மாளுக்கு மகளாக என் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றுதான் தோன்றியது.

அந்தக் கோபத்தில் ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. ஹாரோ கோவிலுக்குப் போய், உன் விண்ணப்பம் தாமதமாகட்டும் என்று மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் ஜெபம் தொடங்கினேன். தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வந்து, பிள்ளை உட்காரும்வரை என்னோடு இருந்துவிட்டுப் போகவேண்டும், பிறகு யார் நாட்டுப் பிரஜையாக வேண்டுமானாலும் ஆகிக்கொள் என்பது என் கணக்கு. தினமும் மெழுகுவர்த்தி ஏற்றினேன், ஏழு நாள் ஆயிற்று. இந்த மழையில் எங்கே போகிறாய் என்று ரோமெல் குடைய, வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா யாருக்காக அவசரப்படுதுன்னு நினைச்சே? க்ரீன் கார்டை வெச்சிக்கிட்டு பெத்தவளைக் கூப்பிட முடியாதும்மா. குடியுரிமை வந்தாத்தான் உனக்கு மனு போட முடியும். ஆசை காட்டி மோசம் பண்ணக்கூடாதுன்னுதான் உன்கிட்ட சொல்லாம இருந்துச்சு" என்றான். நான் அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். பாவிப் பெண்ணே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா.

மறுநாள் விடிந்ததும் பாதரிடம் ஓடி, ஏழு நாள் வேண்டியதைத் திரும்ப வாங்குவது எப்படி என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "மாதாவுக்கு உங்களைத் தெரியாதா, போய் நல்லதா கேளுங்க" என்றார். புதிதாக ஒன்பது நாள் ஆரம்பித்திருக்கிறேன், இந்த முறை சீக்கிரம் ஆகட்டும் என்று. மெழுகுவர்த்தியும் பெரியதாகவே வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் ரோமெல் சொன்னான். ஆறு மாதத்துக்குமேல் நாட்டைவிட்டு வெளியே இருந்தால் உன் மூன்று வருஷக் கணக்கில் சிக்கல் வருமாம். வயிறு பெருத்துவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அதனால் முன்கூட்டியே வரவேண்டும், பச்சைக் குழந்தையோடு உடனே திரும்பவும் முடியாது. நானும் அவனும் எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஆறு மாதம் தாண்டுகிறது. அதனால் நீ வரவேண்டாம். அங்கேயே பெற்றுக்கொள். பிள்ளை பிறந்ததும் அந்த அம்மாளே முதலில் தூக்கட்டும். இதை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உனக்கும் பிள்ளைக்கும் மாதா துணை, மருமகனுக்கு என் ஆசிகள். தேதி வந்த அன்றே விண்ணப்பத்தைப் போட்டுவிடு, மறந்துவிடாதே. பிள்ளைக்கு முதல் முடி எடுக்க மட்டும் நான் வரும்வரை காத்திருங்கள், அதையும் அவள் செய்தால் நான் பொறுக்க மாட்டேன்.

உன்னைப் பெற்ற அம்மா,
ரெமெதியோஸ்