வெள்ளிக்கிழமைக் காப்பு

மார்ச் 19, 1995. ஞாயிறு

வெயில். கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. உளுந்து காயப்போட்டது, மாடு வந்து பாதி தின்றது.

லெட்சுமி கன்னியர் மடத்திலிருந்து லீவில் வந்து ஒரு கிழமை. இன்று சாப்பிடும்போது சொல்கிறாள், அடுத்த மாதம் ஆபிரிக்காவாம். தான்சானியா. மூன்று சிஸ்டர்மாரை அனுப்புகிறார்களாம், இவள் ஒருத்தி. பக்கத்து நாட்டுச் சண்டைக்கு ஓடிவந்த சனம் அங்கே முகாமில் இருக்கிறதாம். பிள்ளைகளுக்குப் படிப்பிக்க ஆள் இல்லையாம்.

"எத்தனை வருசம்?"

"முதல் ஆறு வருசம், அக்கா."

முதல் என்றால் பிறகு? கேட்கவில்லை. அவள் தட்டில் இன்னும் ஓர் அகப்பை கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினேன். ஊற்றிவிட்டுச் சொன்னேன், "விட மாட்டேன்."

இவர் தலை நிமிரவில்லை. தின்று முடித்து டிராக்டருக்குக் கிரீஸ் பூசப் போய்விட்டார். ஆம்பிளைக்கு வீட்டில் சண்டை என்றால் டிராக்டரில் வேலை வந்துவிடும்.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் செத்தபோது லெ.க்கு நாலு வயது. என் இடுப்பைவிட்டு இறங்கமாட்டாள். எனக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. பிள்ளை என்றால் எனக்கு அவள்தான். வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவள் ஆனாள், பொறுத்தேன். வெள்ளைச் சீலை கட்டினாள், அதையும் பொறுத்தேன். வவுனியாதானே, பூவரசங்குளத்திலிருந்து சைக்கிள் மிதித்தால் முகம் பார்த்துவிட்டு வரலாம். கடல் தாண்ட விடுவதற்கு நான் மடைச்சி இல்லை.

மார்ச் 21, செவ்வாய்

நான் படிப்பிக்கிற பாலர் பாடசாலைக்கு லீவு விட்டேன். காரணம்: எனக்குக் கோபம்.

சைக்கிளில் மன்னார் ரோட்டு மடத்துக்குப் போனேன். பெரிய சிஸ்டர் கதிரை போட்டார். "இருங்கோ பிள்ளை, தேத்தண்ணி குடியுங்கோ."

"எங்கள் தாத்தாவை இந்தியாவிலிருந்து கப்பலேற்றிய கங்காணியும் முதலில் உட்காரத்தான் சொன்னானாம்" என்றேன். "தேங்காயும் மாசிக் கருவாடும் மரத்தடியில் கிடக்கும், அள்ளலாம் என்றானாம். நீங்கள் வெள்ளைச் சீலை கட்டின கங்காணி. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை."

பக்கத்தில் நின்ற சின்னச் சிஸ்டர் ஒன்று வாயில் கை வைத்தது. பெரிய சிஸ்டரின் முகம் கறுத்தது. ஆனால் அவர் எழும்பவில்லை.

"நீங்கள் பேசினது எனக்கு நோகுது. ஆனா நாங்கள் அவவைக் கேக்கேல்லை. அவதான் தானாக் கேட்டவா. ரெண்டு தரம் கேட்டவா. முதல்தரம் நான் வேண்டாம் எண்டனான்."

திரும்பும் வழியில் சைக்கிள் செயின் கழன்றது. கை முழுக்க எண்ணெய்.

வீட்டில் லெ.யைப் பிடித்துக்கொண்டேன். தாத்தா கதையை அவளுக்கும் சொன்னேன். அவள் முருங்கையிலை உருவிக்கொண்டே பதில் சொல்கிறாள். "தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தவை அக்கா. நான் போறன். ரெண்டும் ஒண்டில்லை."

மடத்துப் படிப்பு. வாய் நீளம். அந்த வாய் என்னிடமிருந்து போனதுதான் என்று இவர் சொல்கிறார்.

பிறகு அவளே சொன்னாள். "நீங்கள் உங்கட வாயால சொல்லாமல் நான் போகமாட்டன். சிஸ்டரிட்டயும் சொல்லிப்போட்டன்."

அப்படியானால் விசயம் முடிந்தது. என் வாய் என்னிடம்தான் இருக்கிறது.

மார்ச் 24, வெள்ளி

வெயில். மத்தியானம் ஒரு இடி, மழை இல்லை.

தவக்காலமாம். வெள்ளி என்றால் லெ. பட்டினி. பின்னேரம் குடையை எடுத்துக்கொண்டு மன்னார் ரோட்டு வேதக் கோயிலுக்கு நடந்து போவாள், சிலுவைப் பாதை. இருட்ட முன் வந்துவிடுவாள். இன்றும் போய் வந்தாள். வந்து இரண்டு தட்டுச் சோறு தின்றாள். அப்படி என்ன பட்டினி.

குழாயடியில் கதை: "அங்கிட்டு சிங்கம் வீட்டுக்குள்ளாறயே வந்திருமாம்." "கறுப்பு ஆளுகளாம்." "கலியாணம் கட்ட மாப்பிள்ளை கிடைக்காததுக்குத்தான் சிஸ்டரா போயிருச்சு."

வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினேன். நாம் என்ன வெள்ளையா என்று கேட்டேன். நேற்றும் யானை வந்து உன் வாழையைத் தின்றது, அதற்கு முதலில் வழி பார் என்றேன். லெ.யை மூன்று மாப்பிள்ளை பார்த்துப் போனதையும், வேண்டாம் என்றது அவள்தான் என்பதையும் பெயரோடு சொன்னேன்.

அவளை ஏச நான் இருக்கிறேன். இவர்கள் யார்.

மார்ச் 29, புதன்

அண்ணன் வந்தார். பெரியவர், ஊர் அம்மன் கோயில் தலைவர். வந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

யோசனை இதுதான். வழமையாகச் சித்திரை முழுநிலாப் பறுவத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான் அம்மனுக்குக் காப்பு. இந்த முறை முந்தி, வருகிற வெள்ளியே கட்டிவிடுவது. தப்படித்து நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வெட்டும் நேரத்தில் எல்லைக்குள் நிற்கிற எல்லாரும் கட்டுப்பட்டவர்கள். திருவிழா முடிந்து மஞ்சள் நீர் ஊற்றும்வரை ஒருவரும் வெளியே இராத் தங்கக்கூடாது. பகலில் போகலாம், விளக்கு வைக்க முன் திரும்ப வேண்டும். லெ.யின் பிளேன் அதற்குள் பறந்துவிடும்.

"அவ வேதக்காரி, அவளுக்கு என்னா காப்பு?" என்றேன்.

"எல்லைக்குள்ளாற நின்னா யாரா இருந்தாலும் காப்புத்தான். மீறிப் போகட்டும் பாப்போம். ஊர்ல ஒரு புள்ளைக்கு அம்மை போட்டாலும் ஒன்னையத்தானே கேப்பாங்க. அத அவ தாங்குவாளா?"

தாங்கமாட்டாள். என்மேல் சொல் விழ விடமாட்டாள். அண்ணனுக்கு மூளை இருக்கிறது என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டேன். தேத்தண்ணியில் சீனி கூடப் போட்டேன்.

மார்ச் 30, வியாழன்

ஊர் முழுக்க முணுமுணுப்பு. காப்புக் கட்டினால்:
- மீன், இறைச்சி, கருவாடு இல்லை
- தாளிக்கக்கூடாது
- கலியாணம் இல்லை
- இவருக்கு இரவு நெல் ஏற்றும் ஓட்டம் இல்லை (முகம் நீண்டுவிட்டது)

மற்ற வருசம் ஒரு கிழமை. இம்முறை இரண்டு கிழமைக்கு மேல். "முத்தையாண்ணன் தங்கச்சிய கட்டப் போயி ஊரையே கட்டுறாரு" என்று கடையில் சிரிக்கிறார்களாம்.

லெ. பின்னேரம் அடுப்படியில் சொன்னாள், "அண்ணா எனக்காகத்தான் செய்யிறார் எண்டு தெரியும் அக்கா. நான் ஒளிச்சு ஓடமாட்டன். காப்பை உடைச்சிட்டுப் போய் உங்களை இந்தச் சனத்திட்ட விடவும் மாட்டன். சிஸ்டருக்கு எழுதிவிடுறன், வேற ஆளை அனுப்பச்சொல்லி."

வென்றுவிட்டேன். மிளகாய் இடித்தேன். தும்மல்.

அப்போது அண்ணன் பூசாரியோடு முற்றத்துக்கு வந்தார். இவர் கேட்டார், அவ்வளவு நாள் அந்தப் பிள்ளை மனம் ஒப்பி நிற்குமா மச்சான் என்று. அண்ணன் சிரித்தார். "கட்டிப் போட்டா மாடு நிக்காம எங்க போகும்?"

லெ. உள்ளேதான் நின்றாள். கேட்டாள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சுளகை எடுத்து அரிசி புடைத்தாள். புடைத்த அரிசியைத் திரும்பப் புடைத்தாள்.

மாடா?

நான் தூக்கி வளர்த்தது மாடா? இங்கே வவுனியா அகதி முகாமில் மரத்தடியில் நாற்பது பிள்ளைகளை இருத்தி, மண்ணில் விரலால் 'அ' எழுதிக்கொடுத்தவள் மாடா? உலையை இறக்கினேன், கை சுட்டது. அண்ணனுக்கு இன்று தேத்தண்ணி இல்லை.

மார்ச் 31, வெள்ளி

காலையிலேயே தப்புச் சத்தம். ஆறு மணிக்குக் காப்பு என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

வீடு மெழுகினேன். மத்தியானம் லெ. சாப்பிடவில்லை. கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது. வெள்ளி.

அண்ணனுக்கு அம்மனுக்கு உகந்த வெள்ளி தெரியும். தவக்கால வெள்ளி தெரியாது. தங்கை ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் எங்கே போகிறாள் என்று ஒருநாளாவது கேட்டிருந்தால் செவ்வாய்க்கிழமை வைத்திருப்பார்.

வேதக் கோயில் எல்லைக்கு அப்பால். மதகு தாண்டி.

லெ. வெளிக்கிடவில்லை. போவதா விடுவதா என்று தெரியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குப் போனால் ஒளித்து ஓடினதாகிவிடும் என்று நினைத்திருப்பாள். நாலு மணி ஆகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு அடித்தது, தப்பா நெஞ்சா என்று தெரியவில்லை.

"இண்டைக்கு வெள்ளிதானே. சிலுவைப் பாதைக்குப் போகேல்லையா?" அவளுடைய பேச்சிலேயே கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா?"

"முடிய நேரமாகும். ராவைக்கு மடத்திலயே தங்கு."

குடையை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவள் என் காலைத் தொடக் குனிந்தாள். தள்ளிவிட்டேன், யாராவது பார்த்தால் என்ன ஏது என்பார்கள். நேர் ரோட்டால் நடந்தாள். நாலைந்து பேர் கண்டார்கள். வெள்ளிதோறும் போகிறவள்தானே, ஒருவரும் மறிக்கவில்லை.

ஆறு மணிக்கு எலுமிச்சை வெட்டி, கம்பத்தில் காப்புக் கட்டியாயிற்று. ஊர் முழுக்கக் கட்டு. அவள் ஒருத்தி வெளியே.

ஏழு மணிக்கு அண்ணன் வந்து லெ. எங்கே என்றார். சொன்னேன். அவர் முகத்தை எழுதத் தெரியவில்லை.

ஏப்ரல் 1, சனி

அவளுடைய சாமான் எதுவும் ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது என்று அண்ணன் கட்டளை. பட்டப்பகலில் சூட்கேசைச் சைக்கிள் கரியரில் கட்டினேன். கோயில் முன்பக்கத்தால்தான் போனேன். மணியும் அடித்தேன்.

வைத்தது: வெள்ளைச் சீலை ஆறு. துவாய். தேசிக்காய் ஊறுகாய். சீரகம், மல்லி. என்னுடைய கம்பளிச் சட்டை (அங்கே மலையாம், குளிருமாம். எங்களுக்கா மலை தெரியாது). மஞ்சள் கிழங்கு ஒன்று, அம்மன் காலடியில் வைத்து எடுத்தது. கேட்டால் கறிக்கு என்று சொல்வேன். மாசி வைக்க ஆசை, காப்பு வீட்டில் மாசி ஏது.

மடத்தில் பெரிய சிஸ்டர் கதிரை போட்டார். இந்த முறை இருந்தேன். தேத்தண்ணியும் குடித்தேன். "கங்காணி எண்டு சொன்னதைத் திருப்பி எடுக்கமாட்டேன்" என்றேன்.

"எடுக்க வேண்டாம். எனக்கு அது நினைவில இருக்கிறது நல்லது" என்றார்.

ஏப்ரல் 2, ஞாயிறு

கோயிலுக்குக் கூப்பிட்டு விட்டார்கள், விசாரணை. அண்ணன், பூசாரி, இன்னும் ஏழெட்டு ஆம்பிளை. இரண்டு நாளாய்க் கருவாடு இல்லாத முகங்கள்.

"தெரிஞ்சுதான் புள்ளைய வெளியில அனுப்புனியா?" என்றார் அண்ணன்.

"ஓம்."

"எல்லை தாண்டுறது குத்தமில்லியா? அம்மனுக்கு முன்னால விழுந்து மன்னிப்புக் கேளு."

"எல்லை கட்டுமுன்னம் போனவளுக்கு என்ன குற்றம்? சட்டம் நீங்க வச்சதுதானே" என்றேன். பூசாரி தலையாட்டினார், பிறகு அண்ணனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் நிறுத்தவில்லை. அம்மனின் சூலத்தைக் காட்டினேன். "இது எந்த எல்லையைத் தாண்டாம இங்க வந்திச்சு? கடல் தாண்டி மலைக்கு வந்திச்சு. எழுபத்தேழுல நம்ம லயத்து வீடுகளை எரிச்சப்ப, சாக்குல சுத்தி மலையிலேர்ந்து இந்தக் காட்டுக்கு வந்திச்சு. அப்ப அம்மனைக் கட்டிப் போட ஆள் இல்லையா? யார் தோள்ல வந்திச்சு, சொல்லுங்க."

எல்லாருக்கும் தெரியும். அண்ணன் தோளில். லொறி பாதியில் இறக்கிவிட்ட பிறகு அவர்தான் சுமந்து நடந்தார். தோள் புண்ணாகி நான்தான் மருந்து வைத்தேன்.

அண்ணன் எழும்பிப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கச் சொல்லி வேறு யாரும் வாய் திறக்கவில்லை. நான் விழுந்து கும்பிட்டேன். அது என் அம்மனுக்கு, அவர்களுக்கு இல்லை.

ஏப்ரல் 3, திங்கள்

விடிய எழும்பி வவுனியா பஸ் ஸ்டாண்ட். பொட்டலம்: இட்டலி, தேங்காய்ச் சம்பல்.

முதலில் நான் நினைத்திருந்தது பிளேன் ஏறுகிற கட்டுநாயக்கா வரைக்கும் போய், அங்கே வைத்தாவது இழுத்துவருவது. பிறகு, இழுக்காவிட்டாலும் வழியனுப்பலாம் என்றிருந்தேன். இப்போது விளக்கு வைக்க முன் வீடு திரும்ப வேண்டியவள் நான். அவளுக்கென்று கட்டிய காப்பில் அகப்பட்டது நான். உடைத்துக்கொண்டு போயிருக்கலாம். யாருக்காவது அம்மை போட்டால் அவள் பெயரைத்தான் இழுப்பார்கள். அந்தச் சந்தோசத்தை ஊருக்குக் கொடுக்கமாட்டேன்.

ஆமிக்கும் இயக்கத்துக்கும் நடந்த சண்டை இப்போது நிற்கிறது, ரோட்டில் சனம் சிரித்துக்கொண்டு போகிறது. எத்தனை நாளைக்கோ. போகிறவள் இப்போதே போகட்டும்.

பஸ்ஸில் ஏறிவிட்டு யன்னலால் கேட்கிறாள். "அக்கா, வாயால இன்னும் சொல்லேல்லை."

"போயிட்டு வா" என்றேன். அதில் பாதிதான் அவளுக்கு. மற்றப் பாதி எனக்கு.

அழுதேன். யார் பார்த்தால் என்ன.

ஏப்ரல் 5, புதன்

பின்னேரம் மழை தூறிவிட்டது. மண் மணம். பாலர் பாடசாலைக்கு ஒன்பது பிள்ளைகள்தான்.

இன்று பின்னேரம்தான் பிளேன்.

அண்ணன் வந்தார், கோயில் விசாரணைக்குப் பிறகு முதல்முறை. முற்றத்தில் நின்றார், உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

"எத்தன மணிக்கு பிளேனு?"

"தெரியாது" என்றேன். தெரியும். சொல்லமாட்டேன்.

போகவும் இல்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். இவர் பாவப்பட்டு, "கொழும்புல ஏறுற பிளேன் இந்தப் பக்கம் வராது மச்சான்" என்றார்.

"தெரியும்" என்றார் அண்ணன். அப்புறமும் நிற்கிறார். தோளில் துண்டு நனைகிறது.

நிற்கட்டும். நான் குசினி யன்னலால் பார்த்தேன். அவரை இல்லை. மேலேதான்.