எதற்குக் கை தட்டினார்கள்?

அகோலிம், உகாண்டா
மார்ச் 6

அன்புத் தங்கை அகிதெங்குக்கு,

நலம். நீ கொடுத்த நிலக்கடலைத் துவையல் தீர்ந்துபோய், வெறும் கேழ்வரகுக் களியோடு மல்லுக்கட்டுகிறேன். உனக்கு இரக்கமே இல்லை.

ஒரு சந்தேகம். காது கேளாதவன் என்று எனக்குக் கவுன்சிலில் இடம் ஒதுக்கினார்கள். என் கைமொழிக்குக் குரல் கொடுக்க நீ இருக்கிறாய். நேற்று, என்னைப் போலவே காது கேளாத அபோலோட்டைப் பற்றிப் பேசினேன். பிரசவத்தின்போது முகமூடிக்குள்ளிருந்து நர்சு கத்தியது எதுவும் அவளுக்கு விளங்கவில்லை. பக்கத்து வார்டில் நர்சு வேலையில் இருந்த உன்னைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. குழந்தை செத்தது. கைமொழி தெரிந்த ஒருவரை நியமிக்காத இந்த ஆஸ்பத்திரிதான் அதைக் கொன்றது என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்! சேர்மன் எழுந்து வந்து கை குலுக்கினார். திட்டுக்கு யாராவது கை தட்டுவார்களா?

உன் அண்ணன்,
எமுரோன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

துவையல் அனுப்பியிருக்கிறேன். இனி என் இரக்கத்தைக் குறை சொல்லாதே.

"உங்க அண்ணன் தைரியசாலிம்மா" என்றார் சேர்மன். அதற்குத்தான் தட்டினார்கள். நீ எதையும் கிளறாதே. முன்வரிசையில் எங்கள் ஆஸ்பத்திரி மேட்ரன் உட்கார்ந்திருந்ததை நீ பார்க்கவில்லையா? நான் அவர்களிடம் வேலை பார்த்துத்தான் பிள்ளைகளை வளர்க்கிறேன்.

உன் தங்கை,
அகிதெங்

மார்ச் 14

அகிதெங்,

காது கேளாதோர் பள்ளி ஆசிரியை அன்று பின்வரிசையில் இருந்தாராம். இன்று சந்தையில் கேட்டேன். மழுப்பினார், நான் விடவில்லை. நீ சொன்னதை அப்படியே கையால் காட்டினார்: "அபோலோட்டை அக்கறையா பாத்துக்கிட்ட ஆஸ்பத்திரிக்கு எங்க அண்ணன் நன்றி சொல்றாரு."

சந்தை நடுவே கூசிப்போய் நின்றேன். உன்மேல் கோபம் பிறகுதான் வந்தது. அபோலோட்டும் அன்று மண்டபத்தில் இருந்தாள். "என்ன சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டாள். எனக்கே தெரியாது என்று சொல்ல மானம் இடம் தரவில்லை. "ஒத்துக்கிட்டாங்க, ஆள் போடுவாங்க" என்றேன். அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். என்னை நம்பி அங்கேயே போவாள்.

இனி கவுன்சிலில் அந்த ஆசிரியை எனக்காகப் பேசுவார். அபோலோட்டிடம் உண்மையைச் சொல்ல எனக்குக் கை எழவில்லை.

எமுரோன்

மார்ச் 20

அண்ணா,

நேற்று அபோலோட் வீட்டுக்குப் போனேன். "வாங்க நர்சக்கா" என்று முக்காலி போட்டாள். வயிற்றைத் தொட்டு, "இந்தத் தடவை பயமில்ல, அதான் ஆள் வருதே" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

நீ பேசியதை ஒரு சொல்லும் விடாமல் என் கையாலேயே சொன்னேன். பிறகு சபையில் நான் சொன்னதையும் சொன்னேன். "அண்ணனுக்கு அப்ப தெரியாது. தப்பெல்லாம் என்னோடதுதான்" என்றேன். அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை போனாலும் போகட்டும், உனக்கு வலி வந்ததும் நானே பக்கத்துல வந்து..." என்று தொடங்கினேன்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

நீட்டிய கைகளோடு வெகுநேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன், அண்ணா. அவள் திறக்கவேயில்லை.

அகிதெங்