பாதியில் நின்ற நீளப் பாட்டு

நீளப் பாட்டுகளின் சக்கரவர்த்தியே, கிள்ளானுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் நடுவே காரோட்டிய கந்தர்வனே, என் தங்கையின் புருஷனான என் மாப்ளே குணா,

எப்படி இருக்கிறாய் என்று எழுத வந்த கை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. சரி, ஊர்ச் செய்தியில் தொடங்குகிறேன். நீ போன பிறகும் ஃபெடரல் ஹைவேயில் நெரிசல் ஓர் அங்குலம் குறையவில்லை. ஒரு மகாராஜாவின் கார் குறைந்திருக்கிறது, ஒரு நாளாவது சாலை காலியாகக் கிடந்து மரியாதை காட்டியிருக்க வேண்டாமா?

இன்னொரு செய்தியும் இருக்கிறது. நீ என்னிடம் கேட்டிருந்த ஒரே விஷயம் பாதியில் நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உனக்குக் கணக்காய்வு ஆபீஸ், மல்லிகாவுக்குக் கிளினிக் கவுண்டர், எனக்கு இன்சூரன்ஸ். காலையில் மூவரும் உன் காரில் போய், சாயங்காலம் அதே காரில் கிள்ளானில் வீட்டுக்குத் திரும்புவோம். நீ ஓட்டுவாய், மல்லிகா உன் பக்கத்தில், நான் பின்சீட்டில் ஜமீன்தார் மாதிரி. ஸ்பீக்கரில் உன் இங்கிலாந்துக்காரர்கள். ப்ரோக்ரஸிவ் ராக் என்று சாமி பேரைச் சொல்வது போலச் சொல்வாய். அவர்கள் ஒரு பாட்டைத் தொடங்கினால் ஒரு குழந்தை பிறந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணமும் கட்டிவிடும். பாடகர் இன்னும் வாய் திறந்திருக்க மாட்டார்.

அதனால்தான் நான் அந்த கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் சிடியை வாங்கினேன். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் விழுங்கிய உன் பிரியமான பாட்டு, அதில் நாலே நிமிடம். தொடக்கம் இருந்தது. கடைசியில் கிடாரும் ஆர்கனும் வானத்தைப் பிளக்கிற கட்டமும் இருந்தது. நடுவில் வருமே, பக்கத்து வீட்டில் யாரோ பியானோவைத் துணியால் துடைப்பது போன்ற அந்த நீண்ட அமைதி, அது மட்டும் இல்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை மேசையில் அந்த சிடியை வைத்தேன். செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தாய்.

அந்த வாதத்தை எத்தனை ஆயிரம் இலைகளின் மேல் நடத்தியிருப்போம்? ஒரு வாழைத்தோப்பே அழிந்திருக்கும். நல்லதைப் பொறுக்கிக் கொடுத்தால் என்ன குறை, பிடித்தவன் முழுவதையும் தேடி வருவான் என்பது என் கட்சி. தனித்தனிப் பாட்டாகப் போட்டவர்களுக்கு அது சரி, இவர்கள் காத்திருப்பதையும் பாட்டுக்குள் வைத்தவர்கள், அதை வெட்டினால் கடைசிக் கட்டம் வெறும் இரைச்சல் என்பது உன் கட்சி.

"பத்துமலைல படி ஏறாம லிஃப்ட் போட்டு மேல போனாலும் முருகன் அதே முருகன்தான் மச்சான். போய் நிக்கிறவன்தான் வேற ஆளு."

முட்டி வலிக்காரன் சாமி கும்பிட வேண்டாமா என்று நான் கேட்டேன். ரசத்தைக் குடித்தபடி என்னை மன்னித்துவிட்டாய். கடையை விட்டுக் கிளம்பும்போது மட்டும் ஒன்று சொன்னாய், நான் சிரித்தேன். "வெட்டின பாட்டோட என்னை அனுப்பிடாத. முழுசா போட்டு அனுப்பு."

இவ்வளவு பேசின நீதான், பாட்டு முடியுமுன் வீடு வந்துவிட்டால் காரை நிறுத்தாமல் நம் குடியிருப்பான தாமானை இன்னொரு சுற்றுச் சுற்றுவாய். அதுகூடப் பரவாயில்லை. வானம் பிளக்கிற இடம் வந்ததும் சத்தத்தைக் குறைத்துவிடுவாய். இதற்காகவா இத்தனை மைல் காத்திருந்தோம், கொசு பாடுவது போலக் கேட்கவா என்று நான் பின்சீட்டிலிருந்து கத்துவேன். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்து விரலை வாயில் வைப்பாய். பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

உன்னை வீட்டில் கிடத்தியிருந்த அன்று வந்தவர்கள் எல்லோரும் உன் ஹிட்ஸைத்தான் சொன்னார்கள். பந்தாட்டத்தில் நீ போட்ட கோல், வெள்ளத்தில் நீ தூக்கி வந்த கிழவர், உன் கல்யாணத்தில் நீயே பாடிய பாட்டு. ஒன்றும் பொய் இல்லை. கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. என்னிடம் இருப்பதோ நெரிசல். பிரேக் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள். அதை எழுந்து நின்று எப்படிச் சொல்வது? அதில் ஒன்றும் நடக்கவில்லையே மாப்ளே.

மின்மயானத்தில் சடங்கு நீண்டுவிட்டது. உன் மகள் தர்ஷினி போனும் ஸ்பீக்கரும் கையுமாக என்னிடம் வந்தாள்.

"மாமா, டைம் இல்ல. நாலு நிமிஷ வெர்ஷனைப் போட்டுடவா? முடிவாவது வரும்ல?"

கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் கட்சியின் ஆயுள் காலத் தலைவனாகிய நான், முழுப் பாட்டையே போடச் சொன்னேன். போட்டாள். பாட்டு நடந்து நடந்து அந்த அமைதிக்குள் இறங்கியது. அப்போது அங்கே வேலை செய்பவர் என் அருகில் வந்து, அடுத்த குடும்பம் வந்துவிட்டதாகக் காதோடு சொன்னார். பாவம், அவர் என்ன செய்வார்? தர்ஷினி பாட்டைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளப் போனாள். மல்லிகா அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம்மா. இந்த இடம் எனக்குத் தெரியும். இங்கதான் நான் தூங்கிடுவேன். முழிச்சா வீடு வந்திருக்கும்."

தர்ஷினி கையை எடுத்துவிட்டாள். பியானோவைத் துடைக்கும் அந்தச் சத்தத்தில் நீ உள்ளே போனாய். கதவு மூடியது. தர்ஷினி பாட்டை நிறுத்தினாள்.

காரில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. நாள் முழுக்க கிளினிக்கில் நின்றுவிட்டு வந்தவள், உன் பக்கத்தில் தலை சாய்த்துத் தூங்கியிருப்பாள். உலகத்திலேயே பெரிய அந்தக் கடைசிக் கட்டத்தை அவளுக்காக நீ ஒவ்வொரு நாளும் விட்டுக்கொடுத்தாய். இவ்வளவு பெரிய பக்தன் அதைக் கொசு சத்தத்தில் கேட்டிருக்கிறாய். இதை எந்த சிடியில் போடுவார்கள், சொல்?

நான் இன்னும் மிச்சத்தைக் கேட்கவில்லை. வாக்குக் கொடுக்கிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பியதும், மல்லிகாவை உன் காரில் முன்சீட்டில் உட்கார வைத்து, நெரிசல் மிக மோசமான நேரமாகப் பார்த்து பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிளம்புவேன். பாட்டை முதலிலிருந்து போடுவேன். நீ போன நாளிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை. தூங்கினால், வீடு வந்தாலும் நிறுத்த மாட்டேன், தாமானைச் சுற்றுவேன். வானம் பிளக்கும் இடம் வந்ததும் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

பின்சீட்டை விட்டு ஸ்டீயரிங்குக்கு வந்துவிட்ட,
உன் மச்சான்,
மல்லிகாவின் அண்ணன்