துளசியின் முகம் மாறுமா, அக்கா?

என் ஆசை அக்கா,

பத்தாம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகத்தில் 'பரம்பரையலகு' என்று ஒரு சொல் இருந்ததே, இங்கிலிஷில் 'ஜீன்' என்பது, ஞாபகமிருக்கிறதா? நீ படித்து முடித்த புத்தகம்தான் அடுத்த வருடம் எனக்கு வந்தது. அந்தச் சொல் இந்த வருடம் நம் வீட்டையே ஒரு ஆட்டு ஆட்டிவிட்டது. ஆறுதலாக இருந்து கேள்.

உன்னைக் கொண்டுபோன அதே நிணநீர்ப் புற்றுநோய் உன் மகள் துளசிக்கும் வந்துவிட்டது. அவள் இப்போது கனடாவில், ரொறன்ரோவில் வேலை செய்கிறாள். மருந்து ஏற்றினார்கள், குறைந்தது, திரும்பவும் வந்தது. அதற்குப் பிறகுதான் அங்குள்ள டொக்டர்மார் புதிய சிகிச்சையொன்றைச் சொன்னார்களாம். அவள் போனில் விளக்க விளக்க, பயத்தையும் மறந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

நம் இரத்தத்தில் காவலுக்கு நிற்கும் வெள்ளைக் கலங்கள், அதுதான் வெள்ளை அணுக்கள், இருக்கின்றன அல்லவா? புற்றுநோய்க் கலம் பக்கத்தில் நின்றாலும் அவற்றுக்குச் சில வேளை ஆளைத் தெரிவதில்லையாம். அதனால் துளசியின் இரத்தத்திலிருந்தே அந்தக் கலங்களைப் பிரித்தெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்களாம். நோய் செய்ய முடியாதபடி மாற்றிய ஒரு வைரஸ், புதிய பரம்பரையலகு ஒன்றைக் கொண்டுபோய் உள்ளே வைக்குமாம். அதன் பிறகு கலத்துக்கு எதிரியைக் கண்டுபிடிக்கத் தெரிந்துவிடும். அவற்றைப் பெருக்கி, திரும்ப அவளுக்கே ஏற்றுவார்கள்.

"என்ர கலங்களைப் படிக்க அனுப்பிறாங்கள், சித்தி," என்று சிரித்தாள்.

"மாறிப்போகாதோடி? ஆஸ்பத்திரியில பிள்ளை மாறுற மாதிரி?"

"பேர் ஒட்டித்தான் அனுப்புவினம். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

உன்னவரிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் படித்தவள் என்ற மிதப்பில் 'பரம்பரையலகுச் சிகிச்சை' என்று சுத்தத் தமிழில் எடுத்துவிட்டேன். அத்தான் காதில் விழுந்தது 'பரம்பரை' மட்டும். "அது வேண்டாம்," என்றார். சிறுபோக நெல்லுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறந்திருந்த நேரம். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

அங்கே துளசி, அப்பா ஓம் என்று சம்மதிக்காமல் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று நின்றாள். அந்தப் பிடிவாதம் யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை. டொக்டர்மாரோ தாமதிக்க வேண்டாம் என்கிறார்கள். எனக்கு அத்தான் மேல் பற்றிக்கொண்டு வந்தது. நேரே வரம்புக்குப் போனேன்.

"அத்தான், பிள்ளை உயிரோட இருக்க வேண்டாமோ உங்களுக்கு?"

அவர் நிமிரவில்லை. "நீர் படிச்சனீர், சொல்லும் பாப்பம். பரம்பரையை மாத்தினா அவளின்ர முகமும் மாறிப்போடாதோ? உம்மட அக்காவை நான் இப்ப அவளிலதானே பாக்கிறன்."

நீ போன பிறகு உன்னைப் பற்றி அவர் என்னிடம் வாய் திறந்ததே இல்லை. வரம்பிலேயே குந்தியிருந்து அழுதேன்.

பின்னேரம் துளசியே வீடியோவில் வந்தாள். "ஐயோ அப்பா, வெளியில எடுத்த கலங்களிலதான் கைவைக்கிறாங்கள். கண், மூக்கு, அம்மான்ர கோபம் எல்லாம் அப்பிடியே இருக்கும்."

"அப்ப அம்மாட்டயிருந்துதானோ உனக்கு இந்த நோய் வந்தது?"

"அப்பிடிச் சொல்ல ஏலாதாம் அப்பா. இது அநேகமா அப்பிடி வாறேல்லையாம்."

அத்தான் பெரிதாக மூச்சு விட்டார். "அப்ப ஓம். செய்."

கலங்கள் படித்துத் திரும்பி வந்தபோது, அவளுக்கு ஏற்றியது ஒரு சின்னப் பைதானாம். இவ்வளவு படிப்பும் அதற்குள்ளா என்று எனக்கு வியப்பு. காய்ச்சல் வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வந்தது, மோசமாகவே வந்தது. பேச்சுத் தடுமாறியது, என் பெயரைச் சொல்லவே யோசித்தாள். அதற்கும் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே நடக்கும் சண்டையில் வெல்வது யார் என்று தெரியாமல் நாங்கள் இங்கே சோறு இறங்காமல் கிடந்தோம்.

போன கிழமை ஸ்கான் முடிவு வந்தது. "இப்ப புற்றுநோய் ஒண்டும் தெரியேல்லையாம், அப்பா. எண்டாலும் தொடர்ந்து பாக்க வேணுமாம்."

அத்தான் போனை முகத்துக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனார். "அந்தக் கலங்கள் இப்பவும் உனக்குள்ள நிக்குதோ?"

"ஓம் அப்பா. கனகாலம் நிண்டாலும் நிக்குமாம்."

"அப்ப நல்லாச் சாப்பிடு. அவைக்கும் சேத்து."

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடிந்ததும் உன் நினைப்பு வந்தது. இது ஏன் உன் காலத்தில் எங்கள் கைக்கு எட்டவில்லை? நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு எப்போது வரும்? வெளிநாட்டில் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? காண்கிற டொக்டர்மாரை எல்லாம் கேட்டு அரிக்கிறேன். உறுதியாகச் சொல்ல அவர்களுக்கும் தெரியவில்லை.

உடம்பு தேறியதும் துளசி இங்கே தர்மபுரத்துக்கு வருவாள். விரால் குழம்பு வைக்கப் போகிறேன். உறைப்பைக் குறைத்துத்தான், கனடாவில் படித்த கலங்களுக்கு நம் மிளகாய்த்தூள் ஒத்துக்கொள்ளுமோ என்னவோ. ஆனால் அக்கா, கடைசி நாட்களில் விழுங்க முடியாமல் நீ என் கையிலேயே தள்ளிவிட்ட கவளம் ஒவ்வொன்றையும் உன் மகளுக்கு ஊட்டாமல் அவளைத் திருப்பி அனுப்பமாட்டேன். இது சத்தியம்.

உன் தங்கச்சி,
உன் மகளின் சித்தி